ஹுன்னஸ்கிரியவில் படித்த எடின்பரோ படிப்பு

நான் கடல் கடந்து போய்ப் படிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவானபோது, எனக்குப் படிப்பு வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் அவசியமில்லை. அந்தப் படிப்பு தங்கைக்கு மாப்பிள்ளை தேடுவதற்காக. அப்பா கண்டியில் காப்பி வாங்கி விற்றவர். கையில் பணம் இருந்தது, சொல்லிக்கொள்ளப் பரம்பரை இல்லை. அவருடைய அப்பா தோட்டக் கூலியாக இந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்து சேர்ந்தவர். "பொண்ணோட அண்ணன் கடல் தாண்டிப் படிக்கிறான்" என்ற ஒரே வரி அந்தக் குறையை மூடிவிடும் என்று அப்பா நம்பினார்.

எந்த ஊர் என்பதில் ஒரு மாதம் இழுபறி. செலவு குறைந்தது மெட்ராஸ். அதனாலேயே அது முதலில் தள்ளுபடியாயிற்று.

"மெட்ராஸா? அங்கேருந்துதான நம்ம ஆளுங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு வாறாங்க. அங்க போய்ப் படிச்சேன்னா எவன் மதிப்பான்?" என்றார் அப்பா.

கல்கத்தாவுக்குக் கப்பலேறிப் போகலாம். ஆனாலும் அங்கேயும் சோறுதான் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. சீமையில் இருக்கும் எடின்பரோவுக்கு ஆகும் செலவு மற்ற இரண்டையும் சேர்த்தாலும் எட்டாதது, ஆகவே அது உசந்த படிப்பாகத்தான் இருக்க வேண்டும். தோட்டத் துரைமாரில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தவர்கள் என்பது இன்னொரு பெருமை. அவர்களில் யாரும் கல்லூரிப் படி ஏறியதாகத் தெரியவில்லை என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சமயம் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அமெரிக்கப் பாதிரியார் கண்டிக்கு வந்திருந்தார். பல வருஷம் வடக்கில் இருந்தவர், பேச்சும் அசல் யாழ்ப்பாணம். அப்பா அவரிடம் யோசனை கேட்டார்.

"எங்கட நாட்டிலயும் இதே கதைதான். என்ர தமையன்ர மகன் படிக்க ஜெர்மனிக்குப் போறான். உள்ளூரில படிச்சால் வாத்தியாராம், கடல் கடந்து படிச்சால் பெரிய பண்டிதராம். தமையன் காணியை வித்துப்போட்டான்," என்றார் பாதிரியார்.

"அமெரிக்காக்காரனுக்கே சொந்த ஊருப் படிப்பு போதலையா?"

"ஓம். அங்க போய் என்ன படிக்கிறான் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

பாதிரியார் எச்சரித்தார். அப்பா அதைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டார்.

பிறகு விருந்துகள் தொடங்கின. தூரப் பயணம் போகிறவனுக்குச் சொந்தக்காரர் வீடுதோறும் விருந்து வைப்பது எங்கள் வழக்கம். கப்பல் சீட்டு எடுக்கும் முன்பே பதினோரு வீட்டில் சாப்பிட்டு முடித்தேன். சோதிடர் புறப்படும் நாளும் குறித்துக் கொடுத்தார். அதற்கு ஒரு வாரம் இருக்கையில்தான் கெட்ட செய்தி வந்தது. அப்பா முன்பணம் கொடுத்திருந்த தோட்டங்களில் காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து, இலையெல்லாம் உதிர்ந்து, செடி மொட்டையாக நின்றது. சீமைப் பணம் அதோடு போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பதினோரு வீட்டுச் சோற்றைத் தின்றவன் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். குறித்த நாளில் பயணம் போக முடியாவிட்டால், அந்த நல்ல நேரத்தில் குடையையோ துணிமூட்டையையோ கொண்டுபோய் வேறு வீட்டில் வைப்பார்கள். பரஸ்தானம் என்பார்கள். சாஸ்திரப்படி ஆள் புறப்பட்டாயிற்று. மூட்டைக்குச் செல்லுவது பிள்ளைக்குச் செல்லாதா என்று அப்பா யோசித்தார்.

"பணம் வாற வரைக்கும் ரெண்டு வாரம் ஹுன்னஸ்கிரிய மலையில மாமாகிட்ட இரு. புறப்பட்டது புறப்பட்டதுதான்," என்றார்.

ஊரே திரண்டு மாலை போட்டு என்னை ரயிலேற்றியது. அடுத்து வந்த பேராதனையில் இறங்கி, ஒரு காப்பி வண்டியில் வெறுஞ்சாக்குகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அதே கண்டித் தெரு வழியாகத் திரும்பிப் போனேன்.

இரண்டு வாரம் மூன்று வருஷமாயிற்று. மாமா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. செத்த காப்பிச் செடிகளைப் பிடுங்கும் ஆட்களை மேய்ப்பது என் வேலை. மாதம் ஒருமுறை எடின்பரோவிலிருந்து கடிதம் எழுதுவது இன்னொரு வேலை. குளிரைப் பற்றி எழுதக் கஷ்டமில்லை, அது அங்கேயே தாராளமாக இருந்தது. அப்பா கடையில் நாலு பேர் முன்னால் அதை வாசிப்பார். உறை எங்கே என்று கேட்டால், தபால்தலைக்காகப் பிள்ளைகள் கிழித்துவிட்டார்கள் என்பார். உண்மை அப்பா, அம்மா, மாமா மூவருக்கு மட்டுமே தெரியும். தங்கையும் நம்பினாள். அவள் சீமைக்கு எழுதிய பதில்கள் காப்பி வண்டியில் மறுநாளே என்னிடம் வந்துவிடும். "அண்ணே, அங்க யாரு உங்களுக்குச் சமைச்சுப் போடுறா?" என்று ஒருமுறை கேட்டிருந்தாள். 

கடிதங்கள் வீண்போகவில்லை. தெல்தெனியவில் பெரிய கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் அமைந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் சீமையில் இருப்பது நிஜமா? அப்பா கடிதக் கட்டைக் காட்டினார். கண்டியைவிட நான் இருந்த மலைக்குத்தான் மாப்பிள்ளை வீடு கிட்ட. "நீ வராத தம்பி. உன்னயப் பாத்தாங்கன்னா கல்யாணம் நின்னுரும்," என்று அப்பா சொல்லியனுப்பினார். இருந்தது ஒரே தங்கை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவர் கேட்டபடி எடின்பரோவிலிருந்து வாழ்த்துக் கடிதம் எழுதி அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தெல்தெனியப் பாதையில் ரோட்டு வேலை ஆட்களோடு நின்றேன். முதல்நாள் நல்ல மழை. பெண் இருந்த வண்டி என் எதிரிலேயே சேற்றில் இறங்கியது.

"அடேய், நாலு பேரு வந்து தள்ளுங்கடா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நாலு பேரில் ஒருவனாக நானும் சக்கரத்தில் கை வைத்தேன். வண்டித் திரை விலகியிருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். தாடியும் கிழிந்த சட்டையுமாக இருந்தவனைக் கண்டுகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா, யாரு அது? தெரிஞ்ச ஆளா?" என்று உள்ளே இருந்து மாமியார் கேட்டார்.

"இல்ல மாமி. எங்க அண்ணன் சாயலா இருந்திச்சு. அவருதான் சீமையில இருக்காரே," என்றாள்.

நான் குனிந்து தள்ளினேன். வண்டி மேடேறிப் போயிற்று. அதற்குப் பிறகு எடின்பரோவுக்கு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.