சிலிப்பர் ஒட்டிய கட்டை

“கோவத்துல அறுக்கலலா சம்பந்தி. வேணும்னுதான் அறுத்தேன்” என்றார் டொமினிக்.

நான் கேட்க வந்தது அது இல்லை. என் மகள் ஐவிக்கும் அவர் மகனுக்கும் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை எங்கள் வீட்டில். பேத்தியின் மூக்கைப் பற்றிப் பேசத்தான் வேலை முடிந்ததும் ஈப்போ புந்தோங்கில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு ஜப்பான் ரப்பர் சிலிப்பர், வாரெல்லாம் பிடுங்கி, சதுரமாக அறுபட்டுக் கிடந்தது.

“என் சிலிப்பருண்ணே அது!” உள்ளேயிருந்து அவர் மனைவி ரோசம்மா கத்தினார். “அவரோடத அறுக்க மனசு வரல.”

“என்னோடது தேஞ்சு தகடாப் போச்சு. ஒன்னோடதுதான் மெத்துனு இருக்கு.”

டொமினிக் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் சீவியவர். மரங்களை அழித்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டதும் ஈப்போவுக்கு வந்து ஒரு சீனர் கடையில் தேங்காய் வெட்டினார். காலையிலிருந்து நின்றபடி வெட்டு. சாயங்காலம் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியாது.

தேங்காய் வெட்டும் பாராங் கத்திக்கு வாய் தட்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் லேசாக உப்பி வயிறு வைத்து வந்து கூரில் முடியும். அந்த வயிறுதான் ஓட்டைப் பிளக்கும். டொமினிக் தட்டைக் கல்லிலேயே தேய்த்துத் தேய்த்து வயிற்றைக் கரைத்துவிட்டார். வாய் மெலிந்து, ஓட்டில் பட்டதும் பல் பல்லாக உடைந்தது. அன்றைக்குக் கடை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார், நாளைக்கும் கத்தி உடைந்தால் வேறு ஆள் என்று.

“இந்த வயசுல எனக்கு வேற வேலை யாரு குடுப்பா?” என்றபடி, சிலிப்பர் துண்டைச் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் ஒரு மரக்கட்டையில் ஒட்டினார். அதன்மேல் கார் பட்டறைக்காரர்களின் கறுப்பு மணல்தாள். “கத்திய வெச்சா சிலிப்பர் அமுங்கும். தாளு வளைஞ்சு வயித்தப் புடிச்சிக்கும்.”

“மூக்கு அப்படியே உங்க மூக்கு சம்பந்தி” என்றேன்.

“பாவம் புள்ள.”

பாராங்கை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கட்டையை எடுத்து வாய்க்கு எதிராக ஒரு தேய் தேய்த்தார். சரக்கென்று தாளும் சிலிப்பரும் கிழிந்து, விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது கத்தி.

“கர்த்தரே!” என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரப்பர் சீவுகிற கத்தியைத் தீட்டுவது அப்படித்தான். கத்தி அசையாது, சின்னக் கல்தான் ஓடும். தோட்டத்தை விட்டு வந்தும் கை அதையே செய்தது.

“இன்னொரு கால் சிலிப்பரையும் குடுத்துரு ரோசம்மா.”

சிலிப்பர் பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது.

மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை கட்டையைத் தேங்காய்ப் பெட்டி மேல் வைத்து ஆணி அடித்தார். “இப்ப எப்படிக் கைல எடுப்பேன் பாப்போம்” என்றார், யாரோடோ சண்டை போடுவதுபோல. கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அழுத்தாமல் இழுத்தார். உடைந்த பல்லெல்லாம் கரையக் கரைய, வயிறு மெல்லத் திரும்பி வந்தது. நடுநடுவே நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். குழந்தையைப் பற்றி நான் வைத்திருந்த பேச்சு பாதியிலேயே நின்றது.

மனசு கேட்கவில்லை. விடிந்ததும் கடைக்குப் போனேன். முதல் தேங்காய் ஒரே வெட்டில் பிளந்தது. அடுத்ததும் அப்படியே. தவுக்கே வந்து பாராங்கை வாங்கி, வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு மூட்டைத் தேங்காயை இழுத்து வந்து டொமினிக் காலடியில் கொட்டினார்.

டொமினிக் அந்தக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கத்தி ஒடஞ்சிருந்தா, இந்நேரம் வூட்டுல படுத்திருப்பேன்லா சம்பந்தி.”