மாப்பிள்ளை செய்த இழைப்பு மிஷின்

தச்சுப் பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. முதலாளியின் தங்கையைக் கட்டியவர். மரியாதை அந்தச் சொல்லோடு சரி. பன்னிரண்டு வருஷமாக மரத்துக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலைதான்.

அவர் பலகையைச் சீவ ஒரு இழைப்பு மிஷின் செய்தார். மாவு மில்லில் கழித்துப் போட்ட மோட்டார், சைக்கிள் செயின், பலகையை இழுக்க முன்னும் பின்னும் உருளைகள், நடுவே கத்தி, மேசையை ஏற்றி இறக்க லாரி ஜாக்கி. சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து ஏழு மாதத்தில் முடித்தார்.

"ராக்கெட் விடப்போறாரு, ஒதுங்கி நில்லுங்கப்பா" என்பார் முதலாளி. ஆனால் ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்: மிஷின் ஓடிவிட்டால் இழைப்பு வேலை முழுக்க மாப்பிள்ளை பொறுப்பு.

ஓடியது. நீளப் பலகை ஒன்று மறுபக்கம் வழவழவென்று வந்து விழுந்தது. நாலு மூலையிலும் அளந்தார்கள். ஒரே கனம். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. கீழே கிடந்த சாண் நீளத் துண்டை எடுத்து நீட்டினார்.

"இதையும் இழை, மாப்ளே."

"இது குட்டை மச்சான். முன்னாடி உருளை விட்டதும் பின்னாடி உருளைக்கு எட்டாது. கத்தி தூக்கி அடிச்சிரும்."

"கேட்டீங்களாப்பா? பெருசு பெருசா குடுத்தாத்தான் திங்குமாம். அவரு செஞ்சதாச்சே, அவரு வயித்த மாதிரிதானே இருக்கும்!"

பட்டறை குலுங்கியது. மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. தெரிந்தே துண்டை உள்ளே விட்டார்.

துண்டு வந்த வழியே பாய்ந்து வலது கையில் இறங்கியது.

"மோட்டார நிறுத்துங்கடா, கத்தி போயிரப்போகுது!" என்று கத்தினார் முதலாளி.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். "அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னா, உங்க புத்தி எங்க போச்சு?" என்றாள் மனைவி, தலையணையைச் சரிசெய்தபடி.

கட்டுப் பிரிக்குமுன்னே பட்டறைக்குப் போனார். மிஷினில் பட்டறைப் பெயின்டர் நின்று பலகை விட்டுக்கொண்டிருந்தான். கதவுக்கு மரம் பார்க்க வந்த ஒருவர் வியந்துகொண்டிருந்தார்.

"யாரு செஞ்சது?"

"நம்ம கைவேலைதான்" என்றார் முதலாளி.

வந்தவர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். "இவருக்கு என்னாச்சு?"

"குட்டைத் துண்ட விடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! என்ன மாப்ளே?"

பெயின்டர் குனிந்துகொண்டான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. பிறகு இடது கையால் துடைப்பத்தை எடுத்து, மிஷினுக்கு அடியில் குவிந்திருந்த மரச்சுருளைக் கூட்ட ஆரம்பித்தார்.