வசந்தகுமாரி எழுதி வாங்கிய பக்கம்

ரமணன் என்கிற ஆளை நேரில் பார்ப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பிருந்தே நான் வெறுத்து வருகிறேன். வசந்தகுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் யாருக்கும் அது தானாக வந்துவிடும். அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

நான் பிரிஜட். ஜூரோங்கில் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவைக் கவனிக்கிறேன். வசந்தகுமாரி அங்கே பொது மேலாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "அக்கான்னு மட்டும் கூப்பிடாத. வசந்தான்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

1990இல், இருபது வயதில், அரசாங்க வாரியம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவள் அவள். பகலில் கோப்பு, மாலையில் வகுப்பு. டிப்ளோமா முடித்தாள், பிறகு பட்டம். பதினெட்டு வருடத்தில் வாரியத்தின் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவுக்குத் துணை இயக்குநர் ஆனாள். உபகாரச் சம்பளத்தில், அதாவது அரசாங்கச் செலவில், லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் படித்து வந்தவர்களே உட்காரும் நாற்காலி அது. அதில் பிடோக் அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போனவள் உட்கார்ந்தாள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கோபம் இருக்காது.

அவளுக்கு மேலே இயக்குநராக வந்தவன்தான் ரமணன். அவளைவிட ஐந்து வயது சின்னவன். உபகாரச் சம்பளக்காரன். அந்த அலுவலக மாடியில் தமிழர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அறையில் வேறு யாரும் இல்லாவிட்டால் தமிழில்தான் பேசுவான். அக்கா என்றுதான் கூப்பிடுவான். தீபாவளிக்கு அவள் செய்த முறுக்கை டப்பாவோடு எடுத்துக்கொண்டு போவான்.

அரசாங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மேலதிகாரி வாயால் எதையாவது சொன்னால், மேசைக்குத் திரும்பியதும் ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் தட்டிவிட வேண்டும். பிறகு யாரும் நழுவ முடியாது. வசந்தா சீன அதிகாரிக்கும் மலாய் அதிகாரிக்கும் தவறாமல் அதை அனுப்புவாள். ரமணனுக்கு மட்டும் அனுப்பவில்லை. நம்ம ஆள், அக்கா என்று கூப்பிடுகிறவன், அவனிடம் போய்ச் சாட்சி வைத்துக்கொள்வதா என்று கூச்சம். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். இதை அவளிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

2011இல் செங்காங்கில் வாரியத்தின் கிளைக் கட்டடம் ஒன்றில் நடைபாதைக் கூரையைத் தாங்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. நேரில் போய்ப் பார்த்துவிட்டு அவன் அறைக்குப் போனாள்.

"இரண்டு வாரம் அந்தப் பாதைய மூடணும் ரமணன். விழுந்தா ஆள் மேலதான் விழும்."

"அடுத்த வாரம் வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்கக்கா. இப்பப் போய்த் தடுப்பு வெச்சா அசிங்கமா இருக்கும். அவங்க போனதும் மூடிடலாம் லா. நான் பாத்துக்கறேன்."

விருந்தாளிகள் வந்து போனார்கள். மறுநாள் காலை கூரை சரிந்து, துப்புரவு வேலை பார்த்த மாது ஒருவரின் தோள் எலும்பு முறிந்தது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தில் தெரிவித்தாயா என்று கேட்டார்கள். இல்லை. பிறகு ரமணனைக் கேட்டார்கள். "அப்படி யாரும் என்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை" என்றான். ஆங்கிலத்தில், மேசையைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி பறிபோனது. எழுதுபொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

எங்கள் முதலாளி மிஸ்டர் கோ அவளைச் சாதாரண நிர்வாகியாகத்தான் எடுத்தார். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி அடியிலிருந்து. பாதுகாப்புக் காலணி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மொட்டை மாடிக்கும் ஏறினாள். அவளிடம் வாய்வார்த்தை செல்லாது. மின்விளக்கு மாற்றினாலும் எழுது, கையெழுத்துப் போடு. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். ஆனால் அவள் பொறுப்பில் ஒரு விபத்து நடக்கவில்லை. ஏழு வருடத்தில் பொது மேலாளர் ஆனாள். அதனால் மனம் ஆறியதா என்றால், இல்லை. "அவன் வாயால சொல்லணும் பிரிஜட். நான் சொன்னேன், அவன் கேக்கலன்னு. அது நடக்காம நான் சாக மாட்டேன்" என்பாள். சோறு பிசைந்துகொண்டே சொல்வாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை நானும் அவளும் தேக்கா சந்தையில் இறால் வாங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து, "அக்கா!" என்று ஒரு குரல். வசந்தாவின் கையிலிருந்த பை என் காலில் விழுந்தது.

ரமணனேதான். தலை நரைத்திருந்தாலும் நல்ல சட்டை போட்டிருந்தான். அரசாங்க வேலையை விட்டுவிட்டானாம். தனியாரில் முயற்சி செய்கிறானாம். எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு, செயல்பாட்டுப் பிரிவுக்கு இயக்குநர் தேடுவது தெரிந்துதான் வந்திருக்கிறான். மிஸ்டர் கோவிடம் பேசியும் முடித்திருக்கிறான்.

"அவரு உங்க முடிவுதான்னு சொல்லிட்டாருக்கா. பழச மனசுல வெச்சுக்காதீங்க லா. அப்ப எனக்கும் சின்ன வயசு."

சின்ன வயசாம்! முப்பத்தாறு. இறாலை எடுத்து அவன் சட்டையில் அடித்திருப்பேன். வசந்தா சிரித்தாள். "புதன்கிழமை வாங்க. ஃபார்ம் நிரப்பணும்" என்றாள்.

அந்த ஃபார்மில் கடைசிப் பக்கத்தை நான்தான் தயாரித்தேன். உங்கள் மேற்பார்வையில் நடந்த விபத்து எது, முன்கூட்டியே எச்சரித்தவர் யார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்விகள். பாதுகாப்பு வேலைக்கு இதைக் கேட்பதில் தப்பே இல்லை. புதன்கிழமை அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எல்லாருக்கும் உள்ளதாக்கா?"

"எழுதிக் குடுங்க ரமணன். எழுதுறது உண்மையா இருந்தா எனக்குப் போதும்."

கண்ணாடி அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். பொய் எழுதினால் படிக்கப்போகிறவளுக்கே தெரியும். உண்மையை எழுதினால் அவள் காலில் விழுந்த மாதிரி. அவனுக்கு வேலை தேவைப்பட்டது, எழுதினான். பதினொரு வரி. வசந்தகுமாரி நேரில் வந்து எச்சரித்தார், நான் மறுத்தேன், விசாரணையில் உண்மையைச் சொல்லவில்லை. கீழே கையெழுத்து, தேதி.

வசந்தா அதை இரண்டு முறை படித்தாள். மூன்று நகல் எடுக்கச் சொன்னாள். அவனிடம், "முடிவெடுத்ததும் தெரிவிப்போம்" என்றாள்.

அடுத்து நாங்கள் செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். வேலைக்கு விண்ணப்பித்தவன் எழுதித் தந்ததை வெளியே அனுப்பக் கூடாது. மற்றவர்களுக்கு அந்தச் சட்டத்தை வகுப்பெடுக்கிறவளே நான்தான். தெரிந்தே உறையில் போட்டு ஒட்டினேன். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று வாரியத் தலைவருக்குப் பதிவுத் தபால். பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை. இதற்கு மனம் வருந்துவதாகப் பொய் சொல்ல முடியாது.

அவனை ஆறு வாரம் இழுத்தடித்தோம். வாராவாரம் எனக்குப் போன் செய்வான். "இன்னும் முடிவாகல சார்" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு வைப்பேன். காத்தோங் பிள்ளையார் கோயிலில் தினமும் வேண்டிக்கொள்வதாக அவன் மனைவி வசந்தாவுக்குச் செய்தி அனுப்பினாள். வசந்தா என்னிடம் காட்டிவிட்டு அழித்தாள். இரக்கம் வந்ததா என்று கேட்டேன். "துளிகூட வரல. நல்லாத் தூங்குறேன்" என்றாள்.

வாரியத்தின் பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. கத்தியை வைத்து அவளே உறையைப் பிரித்தாள். இரண்டு பத்தி. அந்தப் பிரிவு 2016இல் கலைக்கப்பட்டுவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. தங்கள் பெயரில் எந்த எச்சரிக்கையும் பதிவில் இல்லை, ஆகவே திரும்பப் பெற எதுவும் இல்லை. தங்கள் சேவைக்கு நன்றி.

நான் மடத்தனமாக, "நல்லதுதானே வசந்தா? உன் பேர்ல ஒண்ணுமில்லன்னு அவங்களே எழுதிட்டாங்க" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பதின்மூன்று வருடம் அவள் கறுவிக்கொண்டு சுமந்த ஒன்றை அவர்கள் எப்போதோ இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிட்டார்கள். விசாரித்த மூன்று பேரில் ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு பேர் எங்கே என்றே தெரியாது. ரமணன் எழுதித் தந்த பதினொரு வரியை யாரிடம் காட்டினாலும், எந்தக் கூரை என்றுதான் கேட்பார்கள். அவள் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"ரமணனுக்கு நியமனக் கடிதம் அடி. திங்கக்கிழம எட்டரைக்கு வரச் சொல்லு. என் அறைக்கு எதிர்ல இருக்கே, அந்த மேசையக் குடு."

"உனக்கென்ன பைத்தியமா? அவனுக்கா வேலை? முகத்துல கரியப் பூசி அனுப்பப்போறோம்னுதானே இத்தனையும் செஞ்சோம்?"

"நான் அந்தப் பாதைய மூடச் சொன்னது இந்த ஊர்ல இப்ப இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவனுக்கும். அவனையும் அனுப்பிட்டா, நான் யார்கிட்டடி கோபப்படுறது?"

எனக்கும் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித்தான். கணினியைத் திறந்து அவன் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.