ஒன்றுமில்லை என்று காட்டிய பக்கம்

அவர் நீட்டிய கைப்பேசியில் வெறும் வெள்ளைத் திரைதான் இருந்தது. பாகூர்ப் பக்கத்து விவசாயி. வெயிலில் வந்து, புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தின் மாடியேறி நின்றார். ஓர் ஆய்வகத்துக்கு நாங்கள் இணையதளம் செய்து கொடுத்திருந்தோம். பரிசோதனை முடிவு வந்ததும் நோயாளியின் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு போகும்; அதைத் தொட்டால் முடிவைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அவருடைய மனைவிக்குப் புற்றுநோயா என்று பார்க்க எடுத்த சதைப் பரிசோதனையின் முடிவும் அப்படித்தான் போயிருந்தது. பொங்கல் கழிந்து வலி தாங்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஆய்வகத்தில் விசாரித்தால், எங்களிடம் போகச் சொல்லிவிட்டார்கள்.

“ஒண்ணும் இல்லன்னா வெள்ளையா வரும்னு நெனச்சேம்மா” என்றார். “ஒனக்கு ஒண்ணுமில்லன்னு அவகிட்ட சந்தோஷமா சொல்லிட்டேன்.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் குழுத் தலைவி. நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தளத்தை எழுதியவர் அவர். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “நெட்வொர்க் பிரச்சனன்னு சொல்லி அனுப்பிடு” என்றார். அக்கா பெரியவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, கணினி முன் உட்கார்ந்தார்.

அந்தத் தளத்தில் பக்கம் உருவானதும் நேராக வெளியே போகாது. சர்வரிலேயே தேக்கி வைத்து, கடைசியில் ஒரு ஃபங்ஷனிடம் கொடுப்போம். கால்பேக் என்று அதற்குப் பெயர். நோயாளிகளின் தொலைபேசி எண்களை மறைப்பது அதன் வேலை. அது எதைத் திருப்பித் தருகிறதோ அதுதான் பார்ப்பவருக்குப் போய்ச் சேரும். அதற்குள் தவறு நடந்தால் கண்டுபிடிப்பது கடினம். என்ன நடக்கிறது என்று பார்க்க உள்ளே ஒரு வரி எழுதினால், அந்த வரியும் திரைக்கு வராது. அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக ஒரு கோப்பில் எழுத வைத்துப் பார்த்தார். உள்ளே போகும்போது பக்கம் முழுதாக இருந்தது. வெளியே வரும்போது எதுவுமே இல்லை. அந்த அம்மாவுக்கு நீளமான தமிழ்ப் பெயர். சேமிக்கும்போது இடம் போதாமல் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அந்த அரை எழுத்தைப் படிக்க முடியாத கால்பேக், ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல், வெறுமையைத் திருப்பித் தந்திருந்தது.

அக்கா எழுந்து பெரியவர் எதிரில் வந்து நின்றார். “ஐயா, உங்க மேல தப்பு இல்ல. போன் மேலயும் இல்ல. நான் எழுதுனதுலதான் தப்பு.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, “படிக்கத் தெரியாம நான்தான் கெடுத்துட்டேன்னு என் பொண்ணு பேசறதே இல்ல. நீங்க வந்து அவகிட்ட சொல்லணும்” என்றார்.

மறுநாளே என் ஸ்கூட்டரில் நானும் அக்காவும் அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கும் மகள் வாசற்படியில் நின்றபடியே அக்கா சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “நீங்க சொல்லிட்டா எங்கம்மா எழுந்துடுவாங்களா?” என்றாள். படுத்திருந்தவர் திரும்பாமலே, “இனிமேலாவது அப்பாகிட்ட பேசு” என்றார்.

அதே போல் பெயர் வெட்டுப்பட்ட மற்ற நோயாளிகளையும் அக்கா தேடியெடுத்து, முதலாளி தடுத்தும் கேட்காமல், ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வகம் எங்களோடு தொடர்பை முறித்துக்கொண்டது. அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் இன்றும் வேறோர் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்கிறேன். அக்கா அதன்பிறகு புரோகிராம் எழுதவே இல்லை.

சித்திரை பிறக்கும் முன்பே அந்த அம்மா இறந்துபோனார். கருமாதிக்குப் பெரியவர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். உறவினர்களிடம், “கம்ப்யூட்டர்ல தப்பா எழுதுன பொண்ணு இதுதான். வந்து சொல்லுச்சு” என்று அறிமுகப்படுத்தினார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பந்தியில் மகள் முதலில் அப்பாவுக்குச் சோறு வைத்தாள். “இன்னும் கொஞ்சம் வெக்கட்டாப்பா?” என்று கேட்டாள். வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தவள், அக்காவின் இலையை மட்டும் தாண்டிப் போனாள். பின்னால் வந்த வேறொரு பெண்தான் அக்காவுக்குச் சோறு வைத்தார். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

திரும்பும் வழியில், மகள் இலையைத் தாண்டிப் போனதைப் பற்றி நான் பேச்செடுத்தேன். வண்டியின் பின்னாலிருந்து அக்கா சொன்னார்: “அவ அப்பாகிட்ட பேசிட்டா, பாத்தியா.”