ரேணுகா அவர்களின் சிவப்புச் சீட்டுகள்

ரேணுகா அவர்கள் படித்துப் படித்தே உயிரை விட்டார் என்று குன்றத்தூரில் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அவருக்கு நெடுநாளாக இரத்த அழுத்தம் இருந்தது. நான்கு மாதங்களாக மாத்திரையை விட்டிருந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது நான் அருகில் நின்றேன். கணக்குப் போட்டால் இப்படி வருமா என்று கேட்டும் விட்டேன். "மாத்திரையை நிறுத்தினா வரும்மா" என்றார். நான் கேட்டது இவ்வளவுதான்; இதற்கு மேல் யாரும் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு. பால் அடுப்பில் இருந்தது. தொலைபேசியில் முத்துக்குமார். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. இங்கே விடுதியில் தங்கி ஒரகடத்தில் வேலை பார்க்கிறார். "மேடம், அக்கா பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டாவ. கூப்பிட்டா முழிக்கவே இல்ல மேடம், வாங்க." நான் போனபோது கம்பெனிப் பேருந்து ஓரமாக நின்றிருந்தது. ரேணுகா அவர்களின் கையிலிருந்த நோட்டை யாரோ எடுத்து அவருடைய பையின் மேல் வைத்திருந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்தவர்கள்தாம் இந்தக் கதையைக் கட்டியவர்கள்.

துக்க வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். "நாப்பத்தஞ்சு வயசுல இன்னாத்துக்குக் கணக்கு? எப்பப் பாரு நோட்டும் கையுமா சுத்திக்கினு இருந்தா. ரத்தம் மண்டைக்கு ஏறிடிச்சி."

"மெதுவா பேசு. அந்தம்மா நிக்குது. அந்தம்மா வூட்லதான் கிளாஸு."

இது இரண்டாவது தவறு. வீடு என்னுடையது, வகுப்பு என்னுடையது அன்று. ரேணுகா அவர்களின் கணவர் சேகர், பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிடுவதாகவும் அதில் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டபோது, இந்த இரண்டையும் திருத்துவேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் சேகரும் அவரும் என் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். ஒரகடத்துப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ரேணுகா அவர்கள். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங்கில் சேர்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்தவர். அதற்கு மேல் போகப் பட்டம் வேண்டும் என்றார்கள். தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. சேர்ந்தார். எல்லாத் தாளும் தேறினார், முதலாண்டுக் கணக்கைத் தவிர. அதில் அல்ஜீப்ரா அவரை இரண்டு முறை கவிழ்த்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வினாத்தாளுடன் கீழே வந்தார். "மேடம், இந்த இங்கிலீஷ் இன்னா கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. கணக்க நான் பாத்துக்கறேன்." நான் கான்வென்ட்டில் படித்தவள், முப்பது ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்தவள். ஆங்கிலத்தைச் சொன்னேன். கணக்கை அவர் பார்த்துக்கொண்டார். தவறாகத்தான் வந்தது.

பிறகு தண்டலம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தை விசாரித்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. கட்டணம் ஒரு பக்கம். "அங்க மேல்மாடியிலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க மேடம். எனக்குப் படிக்கட்டே இல்லாம கீது."

அதன்பின் அவர் செய்ததைத்தான் இந்த மலரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பேப்பர் கடையில் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களைத் தேடி வாங்கினார். கிடைக்காத வகுப்புப் புத்தகத்தை இலவசமாகச் செல்பேசியில் இறக்கிக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பின்னோக்கி நடந்தார். தொழிற்சாலையில் ஒரு பீஸ், அதாவது செய்த பாகம், ரிஜெக்ட் ஆனால் எந்த ஸ்டேஷனில், யார் கைப்பட்ட இடத்தில், கெட்டது என்று உற்பத்தி லைனில் பின்னாலேயே போய்ப் பார்ப்பார்களாம், அதே வேலை. எட்டாம் வகுப்பில் தன் தவறைப் பிடித்தார். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுக்கொண்டிருந்தார். கல்லூரித் தாளில் அவரைக் கவிழ்த்தது இந்தச் சின்னக் கோடு. "இத்தினி வருசமா இது தப்புன்னு ஒருத்தர்கூட சொல்லலியே மேடம்" என்று என் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மெல்ல ஆறு பேர் ஆனார்கள்; முத்துக்குமாரும் அவர்களில் ஒருவர். எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், எல்லாருக்கும் அதே தாளில் பாக்கி. ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கூடம். வாத்தியார் கிடையாது. கணக்கு விளக்கும் காணொளியை ஒரே செல்பேசியில் ஓட்டுவார்கள்; விடை வருமுன் நிறுத்திவிட்டு எல்லாரும் போட்டுப் பார்ப்பார்கள். மாதத்திற்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒரு விரிவுரையாளரை எல்லாருமாகச் சேர்ந்து அழைப்பார்கள். அதற்கும் சந்தேகங்களை முன்னதாக எழுதி வைத்திருக்க வேண்டும். "டவுட் இல்லாம சார கூப்புட்டா, அவருக்கு டீ குடுத்து அனுப்பறதுதான் மிச்சம்" என்பார்.

ஒரு கணக்கை ஆளுக்கு ஒரு வரியாகப் போட்டு அடுத்தவரிடம் தள்ளுவார்கள். ஆரம்பத்தில் ஒருவர்கூட முந்தைய வரியைச் சரிபார்க்கவில்லை. லைனில் அப்படிப் பழக்கம்: முந்தைய ஸ்டேஷன் ஓகே போட்டு அனுப்பியதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தவறு கடைசி வரி வரை பத்திரமாகப் பயணம் செய்யும். ரேணுகா அவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அளவுகோல், தொழிற்சாலை மொழியில் ஒரு கேஜ், வைத்தார். முதல் வரியில் எக்ஸுக்குப் பதில் இரண்டைப் போட்டு என்ன வருகிறதோ, அதே எண் எல்லா வரியிலும் வர வேண்டும். வராத வரியில் சிவப்புச் சீட்டு, தொழிற்சாலையில் ரிஜெக்ட் ஆன பீஸுக்கு ரெட் டேக் போடுவதுபோல. கல்யாணப் பத்திரிகைகளின் சிவப்பு உறைகளை அவரே வெட்டி வைத்திருந்தார். தவறான கணக்கை அழிக்கக் கூடாது. சீட்டோடு, எல்லாரும் பார்க்க நடுவில் வைத்த தட்டில் போட வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. பிழையைத் தடம் தெரியாமல் அழிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளியில் படித்தவள் நான். நோட்டுச் சுத்தத்துக்குப் பரிசு வாங்கியவள். ஒரு நாள், பிழையில்லாமல் போட்டுக் காட்டுகிறேன் என்று நானும் ஒரு கணக்கை எடுத்தேன். எக்ஸை எக்ஸால் பெருக்கி இரண்டு எக்ஸ் என்று எழுதினேன். இரண்டைப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. "சரி" என்று அறிவித்தேன்.

ரேணுகா அவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மூன்றைப் போட்டார். ஒரு பக்கம் ஒன்பது, ஒரு பக்கம் ஆறு.

"அய்யோ மேடம், கேஜே சரியில்ல! ரெண்டு வெச்சா ரிஜெக்ட் பீஸும் பாஸ் ஆவுது. இனிமே எல்லாரும் மூணு வைங்க."

"மேடத்துக்கே சீட்டு கிழிச்சிட்டியளே அக்கா!" என்றார் முத்துக்குமார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அன்று திரும்பவில்லை.

அவர்தான் உள்ளே வந்தார். கையில் அந்தச் சிவப்புச் சீட்டு. "மேடம், ரெட் டேக் பீஸுக்குத்தான் போடறது. ஆளுக்கு இல்ல."

எழுபத்திரண்டு வயதில் எனக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு நானும் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சென்ற தேர்வில் ரேணுகா அவர்கள் அந்தத் தாளில் தேறிவிட்டார். இதை ஊர் அறியாது. இறந்த அன்று அவருக்குப் படிக்க வேண்டிய அல்ஜீப்ரா எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார். இன்னும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "பாஸ் ஆனவங்கல்லாம் போய்ட்டா செக் பண்ண யார் கீறாங்க?"

விழுந்த அன்று அவர் கையில் இருந்தது முத்துக்குமாரின் நோட்டு. பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து முத்துக்குமார் வருவதில்லை. "நான் குடுத்த கணக்குத்தான மேடம்" என்றார் ஒரு முறை. பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை. மற்ற நால்வரையும் அதே பேச்சைக் கேட்டு வீட்டில் தடுக்கிறார்கள். தேர்வுக்கு ஆறு வாரம்கூட இல்லை. இரண்டு ஞாயிறுகள் பாயை விரித்தேன், சுருட்டினேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பத்தரைக்கு மின்விசிறியை நிறுத்தினேன், மறுபடி போட்டேன். இந்த வயதில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோட்டைச் சேகர் என்னிடம் கொடுத்தார். கடைசிக் கணக்கில் நான்கு வரிகளுக்குப் பக்கத்தில் ரேணுகா அவர்களின் பென்சில் எழுத்து: பதினான்கு, பதினான்கு, பதினான்கு, பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய டிக். ஐந்தாவது வரியின் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஐந்தாவது வரியில் நான் மூன்றைப் போட்டேன். பதினான்கு வரவில்லை; நான்கு வந்தது. முத்துக்குமார், நீங்கள் அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த கழித்தலை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ரேணுகா அவர்கள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் கண்டுபிடித்த அதே தவறு. சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அது அந்த வரிக்கு, உங்களுக்கு அன்று.

ரேணுகா அவர்களே, உங்கள் டிக்குகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நிம்மதியாக இருங்கள்.

முத்துக்குமாருக்கும் மற்ற நால்வருக்கும்: வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறீர்களா, இல்லையா? தொலைபேசியில் சொன்னால் "பார்க்கலாம் மேடம்" என்பீர்கள். அது பதிலாகாது. இந்த மலரின் கடைசிப் பக்கத்தை வெற்றாக விடச் சொல்லியிருக்கிறேன். அதில் உங்கள் கையால் எழுதி, சனிக்கிழமைக்குள் என் வாசல் பெட்டியில் போடுங்கள்.