நாகையாவின் நாக்கு

'சப்' என்று ஒரு சத்தம் கேட்டால், நாகையா மண்ணை ருசி பார்த்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு சிட்டிகை கிள்ளுவார், விரலிடுக்கில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். அப்புறம் அண்ணாந்துகூடப் பார்க்காமல், "கரகரங்குது. மேட்டு மணலு. கற்பூர மரம் நிக்கும், போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் நிற்கும்!

காட்டிலாகாவில் பதினெட்டு வருஷமாக மரங்களுக்கு நம்பர் அடிக்கிற வேலை. துரைமார் காட்டு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடுவதற்குள் மனிதர் இரண்டு தரம் துப்பி முடித்திருப்பார். "மரம் என்ன, கண்ட எடத்துலயா குந்தும்? களின்னா அதுல ஒண்ணு, மணலுன்னா அதுல ஒண்ணு. புளிச்ச சதுப்புக்குன்னே ஒரு கூட்டம் தனியா இருக்கு லா" என்று பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடையில் கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்வார்.

காட்டில் சரி. சம்பந்தம் பேசப் போன இடத்திலுமா? மகள் சந்திரகலாவுக்கு வந்த இரண்டு வரன்கள் இப்படித்தான் தட்டிப்போயின. செந்தூலில் மாப்பிள்ளை வீட்டு வாழைக் கொல்லையில் விரலை விட்டார். இன்னொரு வீட்டில் துளசி மாடத்தையே விட்டு வைக்கவில்லை. பெண்ணின் அப்பனுக்குக் கழன்றுவிட்டது, மண் தின்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பெண் அப்பாவை ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. எடுத்து வைத்திருந்த புதுப்புடவையைப் பெட்டியில் திரும்ப மடித்து வைக்கும்போது மட்டும் விசும்பினாள். அதை நாகையா பார்த்துவிட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது இடம் கிள்ளான் பக்கம். ரயிலை விட்டு இறங்குமுன்பே மனைவி வள்ளியம்மா பெரிய வெற்றிலைச் சுருளாக மடித்து அவர் வாயில் திணித்தாள். "மென்னுக்கிட்டே இருங்க. இந்தத் தடவ ஒரு பொட்டு மண்ணு உள்ள போச்சு, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா பக்கிரிசாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. இலையெல்லாம் மஞ்சள். அதற்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து ஒரு மாலை வேறு.

"கற்பூரக் கன்னுங்க! பூசைக்கு வீட்டுலயே கற்பூரம் எடுத்துக்கலாம்னு நட்டேன். நாலு வருசமா எழும்ப மாட்டேங்குது. கண்ணு பட்டுருச்சு."

கருத்த மண். கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. பக்கத்துக் குழியில் தண்ணீர் பால் விடாத கடுந்தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. நாகையாவுக்கு நாக்கு துடித்தது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெற்றிலையை மென்றார், மென்றார், அப்படி மென்றார். வள்ளியம்மா கண்ணாலேயே ஓர் அதட்டல் போட்டாள்.

அப்போது மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் வெளியே வந்தான். வடிகால் வெட்டும் இடத்தில் கங்காணி அவன்.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. எத்தன தடவ சொல்றது?" என்று குனிந்து ஒரு சிட்டிகை கிள்ளினான். தேய்த்தான், மோந்தான், நாக்கில் வைத்து 'சப்' என்றான். "புளிக்குது. பாயா மண்ணு, சதுப்பு. மேட்டுல வளர்ற மரம் இதுல எப்படி எழும்பும்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாலயா மண்ணத் திம்ப!" என்று பக்கிரிசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

நாகையா ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பினார். செம்பில் தண்ணீர் வாங்கி மூன்று தரம் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து, மாப்பிள்ளையிடம் ஒரு சிட்டிகை மண்ணுக்கு உள்ளங்கையை நீட்டினார்.