கடப்பாக் கல்லுக்கு அடியில்

எனக்கு அருவருப்பு அதிகம். பிறர் குடித்து வைத்த டம்ளரைப் பார்த்தாலே குமட்டும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கழுத்தில் எண்ணெய் வழிந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். தங்க வயலில் பிறந்துவிட்டு இப்படி ஒரு குணம் வாய்த்தது கொடுமை. காற்றடித்தால் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டு மண் வந்து வாசலில் உட்காரும். ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்குவேன். "அவங்க சமையக்கட்டுல தரையிலயே சோறு போட்டுத் துன்னலாம்" என்று எங்கள் லைனில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் பெருக்கினேன் என்றாலும் தப்பில்லை.

அந்தப் பெருமைக்கு ஒரே எதிரி பக்கத்து வீடு. லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரி சமையலறை அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். என் மேடையில் ஒரு கரப்பான்பூச்சி ஓடினால் அது அவள் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மூன்று பிள்ளைகள், ஒரு கோழிக்கூண்டு, பிசுக்கேறிய ஜன்னல், வேறு எங்கிருந்து வரும்? ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்கும்போது பத்துப் பேர் எதிரில் சொல்லியே விட்டேன். "உங்க ஊட்டுக் கரப்பானையெல்லாம் எங்க ஊட்டுக்கு அனுப்பாதம்மா."

அவள் முகம் சிறுத்துவிட்டது. "மருந்து வெக்கிறேன்க்கா" என்றாள். வைத்தாள் போலிருக்கிறது. கரப்பான் குறையவில்லை.

அதற்குப் பிறகும் பொங்கலுக்குப் பொங்கல், ஆடிக்குக் கூழ், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு என்று அவள் கொண்டுவந்து கொடுப்பது நிற்கவில்லை. நான் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டு வாசலுக்குப் போய், சந்தில் படுத்திருக்கும் செவலை நாய்க்குக் கொட்டுவேன். பாத்திரத்தை இரண்டு முறை தேய்த்து, வெறுமனே திருப்பக் கூடாதென்று நாலு முறுக்கு வைத்துக் கொடுப்பேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரிக்கும்.

போன வருஷம் என் வீட்டுக்காரர், தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், அங்கே யார் வீட்டிலோ மேடைக்குள்ளேயே பதித்த கண்ணாடி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அடியில் கஞ்சி வழிந்து தேங்காதாம். ஒரு துடை துடைத்தால் போதுமாம். துடைப்பது என்றதும் நான் விழுந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பங்காருபேட்டையிலிருந்து ஃபிட்டர் வந்தார். மேடையின் கடப்பாக் கல்லில் சாக்பீஸால் கோடு போட்டு மெஷினால் அறுத்தார். அறுத்த துண்டுக்கு அடியில் விரலால் தட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, கீழ செங்கல்லு வெச்சு மூடிகீறாங்க? அடுப்பு உள்ள எறங்கணும். ஒடைக்கணும்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு காஸ் வந்த புதிதில் இந்த மூலையில் இருந்த விறகடுப்பை மேஸ்திரி இடிக்கப் போனார். கரியும் புழுதியும் வீடெல்லாம் பறக்குமே என்று தடுத்தவள் நான். "இடிக்காதீங்க, சுத்தி செங்கல் வெச்சு மூடி மேல கல்லப் போட்டுடுங்க" என்றேன். சுத்தத்துக்காகச் சொன்னதுதான்.

சுவர் அதிர்வதைப் பார்த்து, "இன்னா வேலைக்கா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து நின்ற நேரம், ஃபிட்டர் கல்லைத் தூக்கி நாலு செங்கல்லைப் பெயர்த்தார்.

முதலில் நாற்றம் வந்தது. செத்த எலியும் புளித்த எண்ணெயும் கலந்த நாற்றம். பிறகு அந்த இருட்டு நகர்ந்தது. ச்சீ, இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. பழைய அடுப்பின் வயிறு முழுக்கக் கரப்பான். முட்டைக் கூடுகள் புளியங்கொட்டை மாதிரி அப்பிக் கிடந்தன. எலிப் புழுக்கை, காய்ந்த தேங்காய்ச் சில்லு, வாலோடு ஒட்டிப்போன ஒரு எலித்தோல். சில கரப்பான்கள் என் காலில் ஏறின. மற்றவையெல்லாம் அடுப்புக்குப் பின்னால் நடுச்சுவரில் இருந்த விரிசலுக்குள் வரிசையாக நுழைந்தன. அந்த விரிசலின் ஓரம் பிசுக்கேறி வழவழவென்று இருந்தது. காலங்காலமாகப் போய்வந்த பாதை. என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு.

"குடியே வெச்சிகீறீங்களேம்மா" என்றார் ஃபிட்டர்.

என் மானம் கப்பலேறியது. இந்தக் கல்லின் மேல் வைத்துத்தான் நான் முறுக்குப் பிழிந்தேன். அவள் பிள்ளைகள் அதை என் கண்ணெதிரிலேயே கடித்துத் தின்றார்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தியெடுத்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் தெருவில் நின்றார். திரும்பி வந்தபோது அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெந்நீரும் பிளீச்சிங் பவுடருமாக உள்ளே இறங்கி வழித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபிட்டர் விரிசலைச் சிமென்டால் அடைத்து அடுப்பைப் பதித்தார். சிமென்ட் காயும்வரை பற்றவைக்கக் கூடாது, நாளைக்குத்தான் என்றார். அதனால் மதியச் சோறும் அவள் வீட்டிலிருந்தே வந்தது. உள்ளே நாற்றம் போகவில்லை. நானும் வீட்டுக்காரரும் பின்கட்டு வாசலில் தட்டோடு உட்கார்ந்தோம், அவள் பரிமாறினாள். அவள் கறிக்குழம்பை நான் முதல் தடவையாக வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அப்போது சந்திலிருந்து செவலை நாய் வந்தது. அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தது. அவளிடம் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. "ச்சூ, போ" என்றேன். அது தரையை நக்கிக் காட்டியது, நான் வழக்கமாகக் கொட்டுகிற அதே இடத்தை.

"இன்னா இது, உன்னைப் பாத்து இப்படிக் குழையுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் நாயைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அதுக்கும் ஒரு கை போடுங்கக்கா. எங்க ஊட்டுக் கொழம்புக்குப் பழகிடுச்சி, பாவம்" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.